பெட்டிக்குள் யார்?



இவ்வாசகசாலைத் தோழர்கள் "யந்திரங்களின் அதிசயம்" என்னும் விஷயத்தைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். அதிசயம் என்கின்ற வார்த்தையே நமக்குக் கொஞ்சம் பயத்தைக் கொடுக்கக் கூடியதாகும். ஏனென்றால், மனிதன் எந்த இடத்தில் அதிசயம் என்று சொல்லிக் கைகூப்புகின்றானோ அந்த இடத்தில் அவனுடைய கேள்வி நின்று போகின்றது. கேள்வி நின்றுபோன இடத்தில் பிறத்தியான் பிழைக்க வழி ஏற்பட்டு விடுகின்றது.

இதனால் நமக்கு யந்திரங்களின் மேல் வெறுப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பத்திரிகை கைக்கு வந்தால் விஞ்ஞானச் செய்தியையும், விளையாடும் யந்திரங்களைப் பற்றிய செய்தியையும் முதலில் தேடிப் படிக்கின்ற பித்து நமக்கும் உண்டு. ஆனால் படிக்கும்போதே ஒரு கேள்வியையும் கூடவே வைத்துக்கொண்டு படிக்கின்றோம். "பெட்டிக்குள் யார்?" என்பதுதான் அக்கேள்வி. அது எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லுகின்றோம்.

துருக்கிப் பொம்மை

1770-ம் வருஷத்தில் வியன்னா நகரில், மரியா தெரேசா அரசியின் முன்னிலையில், கெம்பெலன் என்பவர் ஒரு யந்திரத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு பெரிய மரப்பெட்டி. அதன்மேல் சதுரங்கப் பலகை. பெட்டிக்குப் பின்னால் தலைப்பாகை கட்டிய துருக்கியனைப் போல ஒரு பொம்மை. ஆட்டத்திற்கு முன் அவர் பெட்டியின் கதவுகளைத் திறந்து, உள்ளே மெழுகுவத்தியைப் பிடித்து, "பாருங்கள், பல்சக்கரங்களைத் தவிர வேறொன்றுமில்லை" என்று காட்டுவார். பிறகு சாவி கொடுப்பார். பொம்மை கையைத் தூக்கிக் காயை நகர்த்தும். எதிராளி முறைதவறி நகர்த்தினால் தலையை ஆட்டிவிட்டு அந்தக் காயைத் திருப்பி வைக்கும். பெரும்பாலான ஆட்டங்களில் அதுவே ஜெயிக்கும். 1783-ல் பாரிஸில் பெஞ்சமின் பிராங்க்ளின் அதனோடு ஆடினார். 1809-ல் நெப்போலியனும் ஆடினார்.

சங்கதி என்ன? பெட்டிக்குள் கெட்டிக்கார ஆட்டக்காரன் ஒருவன் நகரும் ஆசனத்தில் உட்கார்ந்திருந்தான். எந்தக் கதவு திறக்கின்றதோ அதற்கு மறைவாக அவன் நகர்ந்து கொள்ளுவான். காய்களில் காந்தம் வைத்திருந்தபடியால், மேலே எந்தக் காய் எங்கே போயிற்று என்பது பலகையின் அடியில் அவனுக்குத் தெரிந்துவிடும். அவன் வெளிச்சத்துக்கு வைத்திருந்த மெழுகுவத்தியின் புகை பொம்மையின் தலைப்பாகை வழியாக வெளியே போகும். அந்த வாசனை ஜனங்களுக்குத் தெரியாமலிருக்க மேலேயும் மெழுகுவத்திகளை ஏற்றி வைத்தார்கள்! இந்தப் பொம்மை 1854-ல் பிலடெல்பியா நகரத்தில் தீயில் வெந்து போகும் வரையில் 84 வருஷம் இருந்தது.

அமெரிக்காவில் எட்கார் ஆலன் போ என்னும் எழுத்தாளர் 1836-ல் இதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் பொம்மையையே பார்த்துக் கொண்டிருக்கவில்லை. அதைச் சுற்றியிருந்த ஆட்களைப் பார்த்தார். வேடிக்கை காட்டுபவரோடு ஊர் ஊராய்ப் போகின்ற ஒருவன், பொம்மை ஆடும் நேரத்தில் மாத்திரம் கண்ணில் படுவதில்லை. அவனுக்குக் காயலா வந்தபோது ஆட்டமும் நின்று போயிற்று! ஆகவே உள்ளே இருப்பது மனிதன்தான் என்று எழுதினார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று தப்பு. சுத்த யந்திரமாயிருந்தால் அது எப்போதும் ஜெயிக்க வேண்டுமே என்று அவர் சொன்னார். அது சரியல்ல என்பதைப் பின்னால் பார்ப்போம். என்றாலும் ஆயிரம் பேர் வாயைப் பிளந்து நின்ற இடத்தில் அவர் ஆட்களை எண்ணிப் பார்த்தார் அல்லவா, அதுதான் பகுத்தறிவு.

உண்மையான யந்திரம்

நிற்க. இப்போது ஆளை ஒளித்து வைக்காத யந்திரங்களே வந்துவிட்டன. 1997 மே மாதம் நியூயார்க்கில் ஐ.பி.எம். கம்பெனியின் "டீப் புளூ" என்னும் யந்திரம், உலகச் சதுரங்க வீரர் காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்று ஜெயித்தது. அது ஒரு விநாடிக்கு 20 கோடி நிலைகளைக் கணக்குப் பார்க்கக் கூடியது. தோற்ற காஸ்பரோவும் நமது கேள்வியைத்தான் கேட்டார். இரண்டாவது ஆட்டத்தில் மனிதக் கை புகுந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டு, யந்திரத்தின் பதிவுகளைக் காட்டச் சொன்னார். கம்பெனி பின்னால் பதிவுகளை வெளியிட்டது. ஒளிந்திருந்த ஆள் யாருமில்லை. ஆனால் ஆட்டத்தை எப்படி ஆரம்பிப்பது என்பதைப் பெரிய சதுரங்க வீரர்கள்தான் அதற்குள் போட்டு வைத்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு 2016 மார்ச்சு மாதம் தென்கொரியாவின் சியோல் நகரில் நடந்தது இதைவிடப் பெரிது. "கோ" என்று ஓர் ஆட்டம். 19-க்கு 19 கோடுகள், 361 சந்திகள், அவற்றின் மேல் கறுப்பும் வெள்ளையுமான கற்களை வைத்து இடம் பிடிக்க வேண்டும். இதில் வழிகள் கணக்கில் அடங்காதபடியால் வெறும் வேகத்தைக் கொண்டு ஜெயிக்க முடியாது. இதில் லீ சேடோல் என்னும் மகா வீரரை "ஆல்பாகோ" என்னும் யந்திரம் நாலுக்கு ஒன்று என்று ஜெயித்துவிட்டது. இரண்டாவது ஆட்டத்தில் அது வைத்த 37-வது கல்லை நிபுணர்கள் முதலில் பிசகு என்றே நினைத்தார்கள். பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. ஆனால் நாலாவது ஆட்டத்தில் லீ வைத்த 78-வது கல்லை யந்திரம் எதிர்பார்க்கவில்லை, தடுமாறித் தோற்றது.

இந்த யந்திரத்திற்குள் யார்? மனிதர்கள் ஆடிய சுமார் 1,60,000 ஆட்டங்கள் உள்ளே இருந்தன. அவற்றைப் படித்த பிறகுதான் அது தனக்குத் தானே ஆடித் தேர்ந்தது. "அடுத்த வருஷம் வந்த யந்திரம் மனிதன் ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்க்காமல், தானே மூன்று நாள் ஆடிப் பழகிக்கொண்டு, லீயை ஜெயித்த யந்திரத்தை 100-க்கு 100 ஜெயித்ததே, அதற்கு என்ன சொல்லுகிறீர்கள்?" என்று ஒரு தோழர் கேட்கலாம். உண்மைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆட்டத்தின் விதியையும் எது ஜெயம் என்பதையும் மாத்திரம் மனிதன் சொல்லிக் கொடுத்தான். மற்றதை அதுவே கண்டுபிடித்துக் கொண்டது. இது மனிதனுக்கு அவமானமல்ல, அவனுடைய அறிவுக்குப் பெருமையேயாகும்.

அப்படியானால் அது சர்வ வல்லமை உள்ளதா? அதுவுமில்லை. இதே வகையைச் சேர்ந்த "கட்டாகோ" என்னும் பலமான யந்திரத்தை, 2023-ல் வீரர் பட்டம் பெறாத ஓர் அமெரிக்க ஆட்டக்காரர் 15 ஆட்டங்களில் 14-ஐ ஜெயித்தார். தன்னுடைய பெரிய கூட்டம் மெதுவாகச் சுற்றி வளைக்கப்படுவதை அந்த யந்திரம் கவனிக்கவில்லை. சாதாரண ஆட்டக்காரன் பார்த்துவிடக் கூடிய சங்கதி அது! அந்தக் குறையைக் கண்டுபிடிக்க உதவியதும் வேறொரு யந்திரந்தான். சுத்த யந்திரம் தோற்காது என்று போ சொன்னது தப்பு என்றோமே, அதற்கு இதைவிட ருஜு வேறு வேண்டியதில்லை.

ஒளியாமலே மறைந்தவர்கள்

தோழர்களே! அந்தக் காலத்தில் பெட்டிக்குள் ஒருவனை ஒளித்து வைத்தார்கள். இந்தக் காலத்தில் ஒளிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் ஆயிரக்கணக்கான பேர் மறைந்து போகின்றார்கள்.

2024-ல் இரசாயனத்திற்கான நோபெல் பரிசில் பாதி, உயிர்களின் உடம்பிலுள்ள புரதங்களின் உருவத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் "ஆல்பாபோல்டு" யந்திரத்தை உண்டாக்கிய ஹசாபிஸ், ஜம்ப்பர் என்னும் இருவருக்குக் கிடைத்தது. தகுதியான பரிசுதான். ஆனால் அந்த யந்திரம் படித்த பாடம் எது? 1971 முதல் பல தேசத்து விஞ்ஞானிகள் ஒவ்வொரு புரதமாக ஆராய்ந்து, எல்லோருக்கும் பொதுவாகச் சேர்த்து வைத்த களஞ்சியந்தான்.

அமேசான் கம்பெனி 2005-ல் ஒரு வேலைச் சந்தை ஏற்படுத்தி, அதற்கு "யந்திரத் துருக்கியன்" என்று பொருள்படும் பெயரையே வைத்தது! படத்தில் இருப்பது இன்னது என்று சொல்லுவது முதலான, யந்திரத்தால் ஆகாத சில்லறை வேலைகளை வீட்டிலிருந்தே ஜனங்கள் சில காசுக்குச் செய்து கொடுக்க வேண்டியது. பேசும் யந்திரமான சாட்ஜிபிடி ஆபாசமாகப் பேசாமலிருக்கும்படி பழக்குவதற்காக, கெனியா தேசத்துத் தொழிலாளிகள் மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைந்த கூலிக்கு ஆபாசங்களைப் படித்துப் பிரித்துக் கொடுத்தார்கள் என்று 2023 ஜனவரியில் "டைம்" பத்திரிகை எழுதிற்று. புகழ் யந்திரத்துக்கு, லாபம் முதலாளிக்கு, படித்த கண்ணுக்கும் நொந்த மனதுக்கும் இரண்டு டாலர்!

நம் ஊரில்

இனி நம் ஊருக்கு வருவோம். கடைத் தெருவில் "கம்ப்யூட்டர் ஜாதகம்" என்று பலகை தொங்குகின்றது. கையால் எழுதிய ஜாதகத்தை நம்பாதவன்கூட, அச்சடித்து வந்தால் நம்புகின்றான். அந்த யந்திரம் கணக்கைச் சரியாகத்தான் போடுகின்றது. ஆனால் உள்ளே போட்டது பழைய பஞ்சாங்கமும் பழைய பலனுந்தானே! பொய்யை வேகமாகக் கணக்கிட்டால் அது மெய்யாகி விடுமா? இந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பது அதே ஜோசியர்தான்.

மற்றொன்று. கிராமத்துக் கிழவி ஒருத்தி பென்ஷனுக்காக ஆபீசுக்குப் போகின்றாள். "கம்ப்யூட்டரில் உன் பெயர் இல்லை" என்று சொல்லுகின்றார்கள். அவளும் தலைவிதி என்று திரும்பி விடுகின்றாள். கம்ப்யூட்டர் தானாக யார் பெயரையும் எடுத்துவிடாது. ஒரு ஆள் தப்பாக எழுதியிருப்பான். அல்லது ஒரு விதியை ஒருவன் போட்டிருப்பான். மனிதன் செய்த தப்பை மனிதன் திருத்தலாம். "யார் எழுதியது? எப்போது எழுதியது? திருத்துவது யார் பொறுப்பு?" என்று கேட்க அவளுக்கு உரிமை உண்டு. அவளால் கேட்க முடியாவிட்டால், கூடப் போய்க் கேட்பது எழுதப் படிக்கத் தெரிந்த இந்த வாசகசாலை வாலிபர்களின் கடமையாகும்.

ஆகவே, யந்திரச் செய்தி எது வந்தாலும் ஆசையோடு படியுங்கள். கையிலே கிடைத்தால் பழகுங்கள். முடிந்தால் பிரித்துப் பாருங்கள். ஆனால் மூன்றை மாத்திரம் கேட்காமல் விடாதீர்கள். உள்ளே போட்டது என்ன? அதற்கு உழைத்தவர் யார்? அதனால் லாபம் யாருக்கு? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லுகின்ற யந்திரம் நமது தோழன். பதில் சொல்ல மறுக்கின்றவன் எவ்வளவு பளபளப்பான பெட்டியைக் கொண்டுவந்தாலும், அதைத் திறக்கும் வரையில் நாம் கைகூப்ப வேண்டியதில்லை என்று சொல்லி முடித்துக் கொள்ளுகின்றோம்.