மருந்து கேட்காத நோயும் காது கொடுக்காத அரசும்

(பூதலூரில் பேசியதன் சுருக்கம்)

தோழர்களே, காசநோய் வந்தவரைப் பார்த்து ஊர் என்ன சொல்லுது? "மாத்திரையை ஒழுங்கா முழுங்கல, அதான் முத்திப்போச்சு." சேரியின் மேல் எப்போதும் விழுகிற அதே பழி. நான் இதை மறுக்கிறேன்.

1956இல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. ஏழை நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறுபாதிக்கு வீட்டிலேயே மருந்து. 1959இல் முடிவு வந்தது: இரண்டு பக்கமும் குணம் ஏறக்குறைய ஒன்றே. நெருக்கடியிலும் அரைவயிற்றிலும்! மருந்து கைக்கு வந்தால் ஏழை பிழைப்பான் என்று உலகத்துக்குக் காட்டியவை அந்தக் குடிசைகள்.

அப்புறம் ஏன் மருந்து கேட்கலை? ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்கும் அடங்காத கிருமி, அடுத்தவர் இருமலில் இருந்து நேரடியாகவே தொற்றும். அவர் எந்த மாத்திரையைத் தவறவிட்டார்? 2024இல் பல மாநிலங்களில் காசநோய் மருந்துக்கே தட்டுப்பாடு. அங்கே மருந்தை நிறுத்தியது நோயாளியா? நடவு நாளில் கூலியை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு வான்னா, வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்?

முன்பு இதற்கு இரண்டு வருஷ வைத்தியம். போட்ட ஊசி பலரைச் செவிடாக்கியது. அப்படிக் காது இழந்த மும்பை நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலேயும் பெடாகுவிலின் காப்புரிமை நீட்டிப்பை எதிர்த்தார்கள். 2023 மார்ச்சில் ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனியின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. 2024இல் ஆறு மாத மாத்திரை வைத்தியத்துக்கு ஒன்றிய அரசு ஒப்புதல் தந்தது.

மாணவத் தோழர்களே, சளியில் மருந்து எதிர்ப்புச் சோதனை செய்தாச்சா என்று கேளுங்க. மாசம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்துப் பணம் வந்துச்சான்னு கேளுங்க. அது பிச்சை அல்ல, உரிமை. நோயாளியிடம் கணக்குக் கேட்பவர்களிடம் நாம் கணக்குக் கேட்போம்.