கையெழுத்து இதழும் எழுத்துப் பயிற்சியும்



"சேர், எழுத்தாளராக வருவதற்கு என்ன செய்யவேண்டும்?" என்று உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார். நிறைய வாசிக்கவேண்டும் என்பதே ஆசிரியர்களாகிய நாம் வழமையாகக் கூறும் விடை. நானும் நெடுங்காலம் அதையே கூறிவந்தவன்தான். ஆனால் வாசிப்பவர் எல்லோரும் எழுதிவிடுவதில்லை. குறித்த நாளில், பத்துப் பேராவது படிப்பார்கள் என்று தெரிந்துகொண்டு, ஏதேனும் ஒன்றை எழுதி முடிக்கும் பழக்கம் வேண்டும். அப்பழக்கத்துக்கு நம்மவர் கண்ட எளிய சாதனம் கையெழுத்துப் பத்திரிகை.

இதனைச் சிறுவர் விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. ஈழத்து நவீன இலக்கியத்தில் தனி இடம்பெற்ற 'மறுமலர்ச்சி' முதலில் கையெழுத்துச் சஞ்சிகையாகவே வெளிவந்தது. 1946 இல் அது அச்சேறியபோது அதன் ஆசிரியர்களான வரதரும் அ. செ. முருகானந்தனும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். 1948 வரையே அது நீடித்தது. எனினும் பின்னாளில் மஹாகவி முதலானோரைப் பற்றிப் பேசும் எவரும் அவ்விதழைக் குறிப்பிடாமல் அப்பால் செல்வதில்லை. அச்சுக்கூடம் கிடைக்கும்வரை அவ்விளைஞர்கள் பேனையை மூடிவைத்துவிட்டுக் காத்திருக்கவில்லை.

எனது அனுபவத்தையும் சற்றுச் சொல்ல அனுமதியுங்கள். 1994 நவராத்திரியின்போது நாங்கள் நால்வர் சேர்ந்து ஒரு கையெழுத்து இதழைத் தொடங்கினோம். யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையினால் தாளுக்கும் பெருந்தட்டுப்பாடு. நாளிதழ்களே கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாகிய காலம் அது. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில், பழைய கொப்பிகளில் மிஞ்சியிருந்த ஒற்றைகளைக் கிழித்துத் தைத்து இதழாக்கினோம். ஒருவருக்கு நான்கு பக்கம் மட்டுமே. ஐந்தாம் பக்கம் கேட்டால் இன்னொருவரின் கவிதை விழுந்துவிடும். சொற்சிக்கனத்தைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாகக் கேட்பதற்கு முன்னரே ஒற்றைப் பஞ்சம் எனக்குக் கற்பித்துவிட்டது.

இருந்தது ஒரேயொரு பிரதி. அது வீடுவீடாகச் சுற்றிவரும். கடைசி இரண்டு பக்கங்களை வாசகர் கருத்துக்கென வெறுமையாக விட்டிருப்போம். முதல் இதழில் நான் சென்னையில் நடப்பதாக ஒரு காதற்கதை எழுதியிருந்தேன். சென்னையை நான் கண்டதே இல்லை. எல்லாம் பழைய இந்தியச் சஞ்சிகைகளில் படித்ததுதான். இதழ் திரும்பி வந்தபோது கடைசிப் பக்கத்தில் பென்சிலால் யாரோ எழுதியிருந்தார்கள்: "மெரீனாவில் காற்று வாங்கும் தம்பி பண்ணைக் கடலைப் பார்த்ததில்லையோ?"

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. எழுதியவர் யார் என்று கண்டுபிடிக்க, ஊரில் பென்சில் வைத்திருந்தவர்களையெல்லாம் சந்தேகித்தேன்! ஆயினும் அடுத்த இதழுக்கு எங்கள் சங்கக்கடையின் மண்ணெண்ணெய் வரிசையை எழுதினேன். அயலிலிருந்த ஆச்சி ஒருவர் தமது போத்தலை வரிசையில் வைத்துவிட்டு வேப்பமர நிழலில் போய் அமர்ந்துவிடுவார். அவருக்காகப் போத்தல் நிற்கும். அதுதான் கதை. மீண்டும் அதே பென்சில்: "போத்தலுக்கு மூடி இருந்ததா?" எனக்குத் தெரியவில்லை. மறுமுறை எண்ணெய் கொடுத்த நாளில் இதற்கென்றே போய்ப் பார்த்தேன். மூடி இல்லை, பனையோலையைச் சுருட்டி அடைத்திருந்தார். பலமுறை கண்ட போத்தலை அன்றுதான் நான் பார்த்தேன்.

பின்னர் பட்டம் பெற்றேன். ஆசிரிய பயிற்சியும் பெற்றேன். அந்தப் பென்சில்காரர் கேட்டதுபோல ஒரு கேள்வியை எந்த விரிவுரையாளரும் என்னிடம் கேட்டதில்லை. அச்சில் வரும் படைப்புக்குப் பெரும்பாலும் பாராட்டு வரும், அல்லது மௌனம் வரும். ஊர் வாசகர் அப்படி விடமாட்டார்.

மூன்றாவது இதழ் சுற்றில் இருந்தபோது, 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. மழையில் தென்மராட்சிக்கு நடந்த எங்களில் எவருக்கும் இதழ் எந்த வீட்டில் இருந்தது என்பது நினைவில் இல்லை. 1996 இல் திரும்பி வந்து தேடினோம், கிடைக்கவில்லை. அந்தப் பென்சில்காரர் யாரென்பதையும் நான் இன்றுவரை அறியேன்.

இன்றைய மாணவருக்குத் தாளும் வெளிச்சமும் உண்டு. ஆனால் "எந்தப் போட்டிக்கு, சேர்?" என்று கேட்ட பின்னரே பலர் பேனையை எடுக்கிறார்கள். தமிழ்மொழித் தினப் போட்டிகளை நான் குறைகூறவில்லை. அவற்றுக்கு மாணவரைத் தயார்செய்து அனுப்புபவனும் நானே. எனினும் நடுவருக்காக எழுதப்படும் கட்டுரையில் பனையோலை அடைத்த போத்தல் வருவதில்லை. மனனம் செய்த பழமொழிகள்தான் வருகின்றன.

ஆகவே என்னிடம் கேட்ட அந்த மாணவரிடம் நாற்பது தாள்களையும் ஊசி நூலையும் கொடுத்தேன். இரண்டு இதழ்கள் வந்துவிட்டன. எழுத்துப்பிழைகளை நான் திருத்துவதில்லை. அவற்றைக் கடைசிப் பக்கத்தில் வாசகர்களே கவனித்துக்கொள்கிறார்கள். இரண்டாவது இதழில் எனது சிறுகதையும் இடம்பெற்றது. அதன் கீழே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் கையெழுத்தில் ஒரு வரி: "முடிவு முதலே தெரிந்துவிட்டது, சேர்."

மூன்றாவது இதழுக்கு வெள்ளிக்கிழமைக்கு முன் எழுதிக்கொடுக்க வேண்டுமாம். நான் இன்னும் தொடங்கவில்லை.