காட்டோர மலையில் கட்டுத்துவக்கு

(தோட்ட சுகாதாரக் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொழுந்து நிறுத்துப் போட்ட கையோடு, வீட்டுக்குப் போய் அடுப்புக்கூட மூட்டாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் சொல்கிறோம். இன்றைக்கு நாம் பேச வந்தது கட்டுத்துவக்கைப் பற்றி. போன கூட்டத்தில் தண்ணீர்த் தாங்கியைப் பற்றிக் கேட்டபோது எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினீர்கள். இன்றைக்கு இந்தச் சொல்லைச் சொன்னதும் சபை கம்மென்று இருக்கிறது. ஏன் என்று உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். பையனுக்குப் பதினேழு வயது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அம்மாவுக்கு விறகு கொண்டுவர, இரண்டு கூட்டாளிகளோடு டர்பன்டைன் காட்டுப் பக்கம் போனான். மானாப்புல்லுக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை. குறுக்கே ஒரு நூல். பனியில் நூலா தெரியும்? கால் பட்டது, வெடித்தது. இடது முழங்காலுக்குக் கீழே சதையும் எலும்பும் ஒன்றாகிவிட்டது.

லயத்துக்குத் தூக்கி வந்தார்கள். அங்கேதான் பெரிய தவறு நடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பொலிஸ் வரும், பொலிஸ் வந்தால் யார் கட்டினது என்று கேட்பார்கள். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கோப்பித் தூளை அப்பி, பழைய சேலையைக் கிழித்துக் கட்டினார்கள். "கட்டையில விழுந்து குத்திருச்சின்னு சொல்லு" என்று பையனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். பொழுது சாயும் நேரத்தில்தான் கொண்டுபோனார்கள். டொக்டர் காயத்தைப் பார்த்தவுடனே விளங்கிக்கொண்டார். ஆனால் அதற்குள் பத்து மணித்தியாலத்துக்கு மேல் போய்விட்டது. காலைக் காப்பாற்ற முடியவில்லை.

கட்டினவர் வெளியாள் இல்லை. பையனுக்கு மாமன் முறை. வெடிச் சத்தம் கேட்டு ஓடிப்போய், அவனைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் அவரும் ஒருவர்.

அந்த மனிதரை நாம் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. லயத்துக்குப் பின்னால் கால் ஏக்கருக்கும் குறைவான நிலத்தில் மரவள்ளியும் வத்தாளையும் போட்டிருந்தார். தோட்டச் சம்பளம் எத்தனை நாளைக்குக் காணும் என்பது உங்களுக்குத் தெரியாததா? பன்றிக் கூட்டம் ஒரே இரவில் வந்து உழுதுவிட்டுப் போய்விட்டது. இரண்டாம் முறையும் நட்டார், இரண்டாம் முறையும் போயிற்று. மூன்றாம் முறை அவர் நடவில்லை, துவக்கைக் கட்டினார். பன்றி விழுந்தால் கறியும் ஆச்சு என்ற எண்ணமும் இருந்திருக்கும், இல்லை என்று சொல்வதற்கில்லை.

ஆனால் இந்தச் சாமானின் குணம் என்ன? ஓர் இரும்புக் குழாய். அதற்குள் மருந்தும் ஈயத் துண்டும். பன்றியின் உடம்பு உயரத்துக்குக் கட்டுகிறார்கள். பன்றிக்கு எது தோளோ அது நமக்கு முழங்கால். சின்னப் பிள்ளைக்கு வயிறு. அதனால்தான் காயப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அடி காலில் விழுகிறது. கையில் பிடித்துச் சுடுகிறவன் எதிரில் வருவது பன்றியா ஆளா என்று பார்க்கவாவது முடியும். கட்டுத்துவக்குக்குப் பக்கத்தில் ஆளே இல்லை. கட்டினவர் வீட்டில் படுத்துத் தூங்குகிறார்.

போன மாதம் ஒரு தம்பி கேட்டார்: "அமெரிக்காவுல ஆளாளுக்கு சட்டைக்குள்ள துவக்கு வச்சிருக்கானாமே, அங்க மட்டும் எப்படி?" நல்ல கேள்வி. உண்மைதான். 2022 ஜூனில் அந்த நாட்டு உயர் நீதிமன்றம், வீட்டுக்கு வெளியேயும் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி கொண்டுபோவது மக்களின் உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் அனுமதிப் பத்திரமே இல்லாமல் மறைத்து வைத்துக்கொண்டு நடமாடலாம். ஆனால் அங்கேயும் இது தீராத வழக்குத்தான். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு தாய், அனுமதி பெற்ற துப்பாக்கியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார். வண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுப் பிள்ளை பைக்குள் கையை விட்டது. வெடித்தது, தாய் அந்த இடத்திலேயே இறந்துபோனார். அந்தத் துப்பாக்கியைப் பாதுகாப்புக்குத்தான் வைத்திருந்தார்.

நம் நாட்டுச் சட்டம் வேறு. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிச் சட்டத்தின்படி அனுமதிப் பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பதே குற்றம். 1996இல் அதைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள். கட்டுத்துவக்குக்கு எந்தக் காரியாலயத்திலும் பத்திரம் கிடையாது. தற்காப்புக்கென்று தனியாருக்குக் கொடுத்திருந்த துவக்குகளைக்கூட 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு திரும்ப ஒப்படைக்கச் சொல்லி, யாருக்கு உண்மையில் தேவை என்று மீளாய்வு செய்யப் புறப்பட்டது.

பயிர்க் காவலுக்கு மாவட்டச் செயலாளரிடம் கேட்கலாம்தான். கேட்கிறவர் காணியைக் காட்ட வேண்டும். நமக்கோ படுக்கிற காம்பராவுக்கே உறுதி இல்லை! இந்த அநியாயத்தை நாம் மறைக்கவில்லை. அதனால் எங்கள் குழுவுக்குள்ளேயே இரண்டு அபிப்பிராயம் இருக்கிறது. தொழிலாளிக்கும் லைசன் துவக்கு கிடைக்க வழி செய்தால் இரும்புக் குழாய் தானாக ஒழியும் என்கிறார்கள் சிலர். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர் படுக்கிறோம், துவக்கை எங்கே பூட்டி வைப்பது என்று கேட்கிறார்கள் மற்றவர்கள். எங்களுக்கு இரண்டாவது பேச்சுத்தான் சரியாகப் படுகிறது. அரிசி வாளியைக்கூடப் பிள்ளை தொடாமல் வைக்க இடமில்லாத வீட்டில் துவக்கு வேண்டாம். தேவையானால் தோட்டத்துக்கு ஒன்று, பழகின காவற்காரர் ஒருவர், ஒப்பீஸில் பூட்டு. அதைக் கேட்டுத் துரையோடும் சங்கங்களோடும் பேசலாம்.

அதுவரைக்கும் என்ன செய்வது? தோட்டத் துண்டுகளைச் சேர்த்து ஒரே வேலி போடுங்கள். அவரவர் துண்டுக்குத் தனி வேலி நிற்காது. பழைய தகரம், முள், சுற்றிலும் மானாப்புல்லை வெட்டி வெளியாக்குவது, கிழங்கு முற்றும் மாதத்தில் முறை வைத்து இரவுக் காவல். இதெல்லாம் முழுப் பலன் தரும் என்று நாம் சத்தியம் செய்யவில்லை. பன்றி புத்தியுள்ள மிருகம். ஆனால் துவக்கை விட்டுவிட்டு லயத்துக் கரண்டைக் கம்பியில் கொடுக்கப் போகாதீர்கள். அதுவும் ஆள் கொல்லி. தீனிக்குள் வைக்கிற ஹக்கபட்டாஸும் அப்படியே. கீழே கிடப்பதைப் பிள்ளை பொறுக்கினால் என்ன ஆகும்? சுருக்குக் கம்பியும் பன்றியை மட்டும் பிடிப்பதில்லை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் தோட்டத்தில் சுருக்கில் மாட்டியது அபூர்வமான கருஞ்சிறுத்தை. உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை.

இனி, யாருக்காவது காயம் பட்டுவிட்டால். இதைத் தாய்மார் நன்றாகக் கேட்க வேண்டும். ஒரு நூல் இருக்கும் இடத்தில் இன்னொன்றும் இருக்கலாம். ஓடிப்போகாமல் பார்த்துக் கால் வையுங்கள். சுத்தமான துணியை மடித்து இரத்தம் வரும் இடத்தில் வைத்து, கையால் பலமாக அழுத்துங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். அப்படியும் நிற்காமல் பீறிட்டால் காயத்துக்கு மேலே, தொடைப் பக்கமாக, அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டின நேரத்தைக் குறித்து வையுங்கள். கோப்பித் தூள், தேயிலைத் தூள், மஞ்சள் ஒன்றும் வேண்டாம். உள்ளே இருக்கும் துண்டைத் தோண்ட வேண்டாம். நடக்க விடாமல் கம்பளியில் கிடத்தித் தூக்குங்கள். 1990க்குப் போன் பண்ணினால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. றோட்டு இல்லாத மலையென்றால் தோட்ட லொறி நிற்கும் இடம்வரை தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

டொக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். கட்டுத்துவக்குக் காயத்தில் ஈயம் மட்டுமல்ல, மண், துணி, துருப்பிடித்த துண்டு எல்லாம் உள்ளே போகும். வெளியே சின்னத் துளை, உள்ளே பெரிய நாசம். தெரிந்தால்தான் எக்ஸ்ரே எடுத்து, தேடிச் சுத்தம் செய்து, ஏற்பு ஊசியும் போடுவார்கள். பொலிஸ் விசாரணை வரத்தான் செய்யும். மாமன் மாட்டிக்கொள்வாரே என்று மருமகனின் காலைக் கொடுப்பதா?

அந்தப் பையனைப் போன கிழமை போய்ப் பார்த்தோம். செயற்கைக் கால் போட்டு, ஊன்றுகோலோடு இஸ்தோப்புவரை நடக்கிறான். மாமன் இன்னும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லையாம். பையன்தான் சொன்னான், "வரச் சொல்லுங்க சார்" என்று.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கணக்கப்பிள்ளையும் நாமும் காட்டோர எல்லையைச் சுற்றி நடக்கப் போகிறோம். எந்த மலையில், எந்தப் பாதையில் கட்டியிருக்கிறது என்று தெரிந்தவர்கள் சனிக்கிழமைக்கு முன் பிள்ளைக் காம்பராவில் இருக்கும் பெட்டியில் ஒரு துண்டு எழுதிப் போடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் மிஸ்ஸிடம் வாயால் சொல்லுங்கள். இடம் மட்டும் போதும், பெயர் கேட்க மாட்டோம். நாம் அதில் கை வைக்க மாட்டோம், தூரத்தில் அடையாளம் கட்டிவிட்டுப் பொலிஸுக்கு அறிவிப்போம். கட்டினவரே சனிக்கிழமை இரவுக்குள் மருந்தை எடுத்து, கழற்றிக்கொண்டு போய்விட்டால் அதுவும் நல்லதுதான்.