மஞ்சளும் ஒளியும் புற்றுக் கலமும்

வன்னிப் பெருநிலத்து இல்லங்களில் மஞ்சள் கறிக்கும் உதவுவது, காப்புக்கும் உதவுவது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் இறக்குமதி தடைப்பட்டு, 2020இல் அதன் விலை பன்மடங்கு ஏறியபொழுது, அதன் அருமை இலங்கை முழுவதும் உணரப்பட்டது. உடலில் ஒரு கட்டி தோன்றினால் மஞ்சளை அரைத்துப் பூசும் வழக்கமும் நெடுங்காலத்தது. மஞ்சள் புற்றுநோயை அழிக்கும் என்னும் பேச்சும் இன்று ஊரெங்கும் உலவுகின்றது. அப்பேச்சில் உண்மை எவ்வளவு என்பதை ஆராய்தல் நன்று.

வெள்ளை வேட்டியிற் படிந்த மஞ்சட் கறை சவர்க்காரத்துக்கு எளிதில் அகலாது. வெயிலில் உலர்த்தினால் மங்கிவிடும். இதனை அறியாத இல்லாள் இல்லை. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் என்னும் பொருள் ஒளியை உட்கொண்டு மாறுந்தன்மையது என்பதே இதன் பொருள். சிறப்பாக, 420 நனோமீற்றர் அளவான அலைநீளமுடைய ஊதா கலந்த நீல ஒளியை அது மிகுதியாக உறிஞ்சும்.

சாயமும் ஒளியும் கூடி உயிரைக் கொல்லவல்லன என்பதை 1900ஆம் ஆண்டில் மியூனிச் நகரில் ஒஸ்கார் ராப் என்னும் மாணவர் வெளியிட்டார். அக்ரிடீன் என்னும் சாயமிட்ட நீரில் வாழ்ந்த பரமேசியம் என்னும் நுண்ணுயிர்கள் இருளிற் பிழைத்தன, ஒளியில் மடிந்தன. அவருடைய ஆசிரியர் டப்பைனரும் துணைவரும் 1904இல் இவ்விளைவுக்கு ஒட்சிசனும் வேண்டும் எனக் காட்டினர். ஆகவே சாயம், ஒளி, ஒட்சிசன் ஆகிய மூன்றும் ஓரிடத்திற் கூடவேண்டும். ஒன்று குறையினும் செயல் நிகழாது.

கலத்துக்குள் நிகழ்வது யாது? ஒளியை ஏற்ற சாய மூலக்கூறு தான் பெற்ற சக்தியை அயலிலுள்ள ஒட்சிசனுக்கு அளிக்கின்றது. அவ்வொட்சிசன் கொடிய வினைத்திறன் பெற்று, அண்மையிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் தாக்குகின்றது. அதன் ஆயுள் மிகக் குறுகியது. தோன்றிய இடத்தைவிட்டு அது நெடுந்தூரம் செல்லாது. எனவே சாயம் கலத்தின் எப்பகுதியில் தங்கியதோ, அப்பகுதியே முதலிற் சிதைகின்றது. புறமென்சவ்வு கிழிந்தால், குளக்கட்டு உடைந்ததுபோல் உள்ளிருப்பவை வெளியே பாய்ந்து கலம் மாளும். இழைமணி பழுதுற்றால், அதிலிருந்து கசியும் ஒரு புரதம் கலத்தின் சாவுக்கு ஆணையிடும். அப்பொழுது, பழைய வீட்டை ஓடு வேறு, மரம் வேறாகக் கழற்றுவதுபோல, கலம் தன்னைத்தானே ஒழுங்காகப் பிரித்து ஒடுங்கும். இதனைத் திட்டமிட்ட கலச்சாவு என்பர். சாகும் இவ்வாற்றலை இழந்தமையே புற்றுக் கலத்தின் கேடாகலின், அதனை மீட்டும் வழியை அறிஞர் நாடுகின்றனர்.

ஆய்வுகூடக் கண்ணாடித் தட்டில், குர்குமினும் நீல ஒளியும் சேர்ந்து புற்றுக் கலங்களை இவ்வாறு மாய்த்தமை பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. ஆயின் தட்டு வேறு, உடல் வேறு. மஞ்சட் பொடியில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கே குர்குமின். அது நீரிற் கரையாது. உண்டாலும் குருதியிற் சிறிதே சேரும். நீல ஒளியோ தோலினுள் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் ஆழத்துக்கு மேற் செல்லமாட்டாது. மார்பினுள் இருக்கும் கட்டியை வெளியே பூசிய மஞ்சளும் வெயிலும் எட்டுவது எங்ஙனம்?

இம்முறைச் சிகிச்சை பொய்யன்று. 1978இல் அமெரிக்காவின் பபலோ நகரில் டொகர்ட்டி என்பவர் குருதிச் சாயத்திலிருந்து ஆக்கிய மருந்தையும் சிவப்பொளியையும் கொண்டு நோயாளர் பலருக்குச் சிகிச்சை செய்தார். 1993இல் கனடா அவ்வகை மருந்தொன்றை ஏற்றது. அங்கே மருந்தின் அளவு, ஒளியின் நிறம், நேரம் யாவும் வரையறுக்கப்பட்டவை. குர்குமின் இன்னும் அந்நிலையை அடையவில்லை. செறிவூட்டிய மஞ்சட் குளிசைகளாற் சிலருக்கு ஈரல் பழுதுற்றமையும் பதிவாகியுள்ளது.

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை, வன்னியை ஊடறுத்து, மக்கள் நடந்து திரட்டிய நிதியாலேயே தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. முல்லைத்தீவிலோ நெடுங்கேணியிலோ வாழும் ஒருவருக்கு அது நெடுவழியே. வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் மெல்லும் ஒருவரின் வாயில் மூன்று வாரத்தில் ஆறாத புண், மார்பில் நோவற்ற கட்டி ஆகியன தோன்றின், மஞ்சள் பூசிக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் நோய்க்கே ஆதாயம். மஞ்சள் கறியில் இருக்கட்டும். கட்டியை வைத்தியர் பார்க்கட்டும்.