வகுப்பறையில் மனோவைத்தியம்



நான் வைத்தியக் கல்லூரியில் வாசித்த காலத்தில், காலையில் ஆசிரியர் இருதய நோயின் லட்சணங்களை விஸ்தரித்தாரென்றால், மாலையில் விடுதியில் பாதிப்பேர் தத்தம் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருப்பார்கள். மறுவாரம் க்ஷயரோகம் வந்ததோ, சாதாரண ஜலதோஷக்காரரெல்லாம் எக்ஸ்ரே அறை வாசலில் நிற்பார்கள். என் அறைத்தோழர் ஒருவர் ஒரு பருவம் முழுவதும் மூளைக்கட்டியோடு ஜீவித்தார். பரீட்சை முடிந்த மறுநாளே கட்டி கரைந்துபோயிற்று! வைத்தியம் பயின்ற வாலிபருக்கே இந்தக் கதி என்றால், 13 வயதுப் பிள்ளைகளை வாரந்தோறும் உட்காரவைத்து, மனத்தில் சஞ்சலம் உண்டா என்று துருவிக்கொண்டிருப்பதன் பலன் யாதாகும் என்பது என் நெடுநாளைய விசாரம்.

இந்த விசாரத்துக்குச் சில பரிசோதனைகள் விடை சொல்கின்றன. ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் தலைமையில் பிரிட்டனில் 85 பள்ளிகளைச் சேர்ந்த 8,000-க்கும் மேற்பட்ட மாணாக்கரை வைத்து நடந்து, 2022-இல் முடிவு வெளியான பரிசோதனையில், நிகழ்கணத்தில் மனத்தை நிறுத்தப் பழக்கும் மனக்கவனப் பயிற்சி பெற்றவர்கள், வழக்கமான பாடம் கேட்டவர்களைவிட எவ்வகையிலும் மேம்படவில்லை. ஏற்கனவே மனத்தளர்ச்சிக்கு அருகில் நின்ற பிள்ளைகளுக்கோ அது சற்றுப் பாதகமாகவும் இருந்திருக்கக்கூடும் என்று தெரிந்தது. கடுந்துயரில் உழல்வோருக்கென அமெரிக்க மனோதத்துவ அறிஞர் மார்ஷா லினஹன் வகுத்த சிகிச்சையைச் சுருக்கி, ஆஸ்திரேலியாவில் சுகமாயிருந்த பிள்ளைகளையும் சேர்த்து வகுப்பு முழுமைக்கும் போதித்தபோது, பயிற்சி முடிந்த கையோடு சோகமும் பதற்றமும் கூடியிருந்தன. தாய்தந்தையரோடு இருந்த உறவும் நலிந்திருந்தது. வீட்டிலும் சிரத்தையாகப் பயின்ற சிலருக்கு நன்மை விளைந்ததையும் மறைக்கலாகாது. ஆனால் பெரும்பாலோர் அவ்வாறு பயிலவில்லை, பிள்ளைகள் பிள்ளைகள்தாமே!

துயருற்ற பிள்ளைக்குச் சிகிச்சை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆயுள் முழுவதும் அதையே தொழிலாகக் கொண்டவன் நான். நோயற்றவனுக்கும் மருந்து புகட்டிவிட்டு, தீங்கு நேர்ந்ததா என்று திரும்பிப் பாராமலே அதைத் தர்மகாரியமாகக் கொண்டாடுவதே எனக்கு உடன்பாடில்லை. ஒரு மாத்திரைக்கு விதிக்கும் நிபந்தனையை உபதேசத்துக்கும் விதிப்பதுதானே நியாயம்?

கல்வியியலிலும் மனோதத்துவத்திலும் இன்று பட்டம் பெறும் இளைஞர்களே, நாளை உங்கள் பள்ளியில் இத்தகைய திட்டமொன்றை நடத்தச் சொல்வார்கள். இதனால் எவருக்கு நன்மை என்று கேட்குமளவு, எவருக்குத் தீமை என்றும் கேளுங்கள். முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். வகுப்பு முழுவதையும் கூட்டுமுன், சில நாட்களாகச் சோறு இறங்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைத் தனியே அழைத்து விசாரியுங்கள்.