தேய்ந்த கார்புரேட்டரும் மூன்று அளவைகளும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பெண்ணாடம் மெய்கண்டார் தோன்றிய ஊர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவர் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டே நூற்பாக்களில் ஒரு நெறி முழுவதையும் அடக்கிற்று. அவர்தம் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், உண்மையை அறியும் வழிகளை அளவை என்னும் பெயரால் ஆராய்ந்தார். அளவைகள் பலவாக எண்ணப்படினும் அவை காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது அந்நூலின் முடிபு. இம்மூன்றும் ஏடு கற்றோர்க்கு மட்டும் உரியன என்று கருதுதல் பொருந்தாது. பழைய ஜீப் ஒன்றின் தேய்ந்த கார்புரேட்டரைச் சீர்செய்யும் தொழிலாளியும் இம்மூன்றைக் கொண்டே முடிவுக்கு வருகிறார். அவ்வறிவு எழுத்தில் ஏறாமலே மறையும் நிலையில் உள்ளது. ஆகவே அது பற்றிய பேச்சு இவ்வவைக்குப் புறம்பானதாகாது.

இரண்டாம் உலகப் போரில் சேற்றிலும் மணலிலும் ஓடுவதற்கென உருவானது ஜீப். 1945இல் தொடங்கப்பெற்று, பின்னர் மகிந்திரா அண்டு மகிந்திரா என்று பெயர் பெற்ற நிறுவனம், 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பொருத்தத் தொடங்கியது. 1952இல் சமூக வளர்ச்சித் திட்டம் பிறந்தபின், சாலை எட்டாத சிற்றூர்களுக்கு அரசு என்பது பெரும்பாலும் ஒரு ஜீப்பின் ஓசையாகவே வந்து சேர்ந்தது. சிஜே-3பி என்னும் வகையில் 2,199 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் இருந்தது. பின்னாளில் டீசல் எஞ்சின்கள் வந்தன. அவற்றுக்குக் கார்புரேட்டர் இல்லை. எஞ்சியுள்ள பெட்ரோல் ஜீப்புகளே இவ்வுரைக்குப் பொருள்.

கார்புரேட்டரின் தொழில் கலத்தல். காற்று ஒரு குறுகிய கழுத்தின் வழியே செல்லும்போது வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. அக்குறைவால் மிதவைக் கிண்ணத்திலுள்ள பெட்ரோல், ஜெட் எனப்படும் நுண்துளை வழியே ஈர்க்கப்பட்டுத் துளிகளாகச் சிதறிக் காற்றோடு கலக்கிறது. பெட்ரோல் ஒரு பங்கு எனின், காற்று எடையளவில் 14.7 பங்கு இருந்தால் இரண்டும் மிச்சமின்றி எரியும். பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை. காற்று மிகுந்தால் எஞ்சின் திணறும்.

தேய்மானம் முதலில் தோன்றுவது, ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது திரும்பும் வளித்தகட்டின் தண்டில். அது ஒவ்வொரு மிதிப்பிலும் தன் துளையில் உரசுகிறது. வார்ப்புடல் மென்மையான உலோகக் கலவையாதலால் வட்டத்துளை மெல்ல நீள்வட்டமாகிறது. அந்த இடுக்கின் வழியே அளவில் சேராத காற்றும், காற்று வடிகட்டியைக் கடவாத புழுதியும் உட்புகுகின்றன. புழுதி மேலும் அரிக்கிறது.

நோய் காணும் முறையில்தான் மூன்று அளவைகளும் தொழிற்படுகின்றன. முதலாவது காண்டல். தொழிலாளி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் முனையிலுள்ள பீங்கானைப் பார்க்கிறார். பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தின் அருகில் வாழ்வோர்க்கு அப்பொருளின் இயல்பு புதிதன்று. வெப்பத்தைத் தாங்கும், மின்சாரத்தைத் தடுக்கும், தன்மேல் படிந்த நிறத்தை மறையாது காட்டும். இளம்பழுப்பு நிறம் எனில் கலவை சரி. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தால் காற்று மிகுதி.

இரண்டாவது கருதல். வண்டி நெடுஞ்சாலையில் நன்றாக ஓடுகிறது, நிறுத்தத்தில் அணைந்துவிடுகிறது. ஏன்? வேகத்தில் எஞ்சின் உண்ணும் காற்று ஏராளம். இடுக்கில் கசியும் காற்று அதில் பொருட்டன்று. ஐட்லிங் நிலையிலோ வளித்தகடு ஏறத்தாழ மூடியிருக்கும். அப்போது அதே கசிவு பெரும்பங்காகிவிடும். ஆகவே குற்றம் தண்டின் துளையில் என்று கருதப்படுகிறது. தண்டை விரலால் அசைத்துப் பார்க்கும்போது எஞ்சினின் ஓசை மாறுமாயின் கருத்து உறுதியாகிறது.

மூன்றாவது உரை. மிதவையின் உயரம், ஜெட்டின் எண் ஆகியவை செய்தோரின் கையேட்டிலும் ஆசானின் வாய்மொழியிலும் இருப்பன. சோலக்ஸ் கார்புரேட்டரின் ஜெட்டில் 120 என்று பொறித்திருந்தால் துளை 1.20 மில்லிமீட்டர் என்பது பொருள். அடைப்பெடுக்கக் கம்பியை நுழைத்து ஒரு தலைமயிர்க் கனம், அதாவது 0.05 மில்லிமீட்டர், அகன்றுவிட்டால் துளையின் பரப்பு 8 விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடும். ஜெட்டை ஊதித்தான் துப்புரவு செய்ய வேண்டும் என்று ஆசான்கள் கண்டித்துச் சொல்வதன் காரணம் இக்கணக்கே.

இனிச் சீரமைப்பு. அவசரக்காரர் ஐட்லிங் திருகைத் திருப்பிப் பெட்ரோலைக் கூட்டுவார். வண்டி அணையாது; ஆனால் புகையும் செலவும் ஏறும். ஒரு குறையை இன்னொரு குறையால் மூடுவது அது. வேறொருவர் கடையில் கிட் வாங்கி, கேஸ்கட்டுகளையும் ஊசி வால்வையும் மாற்றுவார். அவை வேண்டியனவே, ஆயினும் நீள்வட்டமான துளையை எந்தக் கிட்டும் வட்டமாக்காது. உரிய வழி, லேத் பட்டறையில் துளையைச் சீராகக் கடைந்து, புஷ் இறக்கி, இருபுறமும் ஒரே நேர்கோட்டில் நிற்கச் செய்து, புதிய தண்டைப் பொருத்துவது. போல்ட்டை மிகையாக முறுக்கியதால் வளைந்த அடித்தகட்டைக் கண்ணாடிப் பலகைமேல் விரித்த உப்புத்தாளில் தேய்த்துச் சமன் செய்யலாம். பித்தளை மிதவையைச் சுடுநீரில் அமிழ்த்தினால் குமிழி ஓட்டையைக் காட்டிவிடும். உள்ளே புகுந்த பெட்ரோல் முழுதும் வெளியேறி உலர்ந்த பின்னரே ஈயப்பற்று வைக்க வேண்டும்; ஆவி எஞ்சினால் வெடிக்கும். பற்றும் சிறிதாக இருத்தல் வேண்டும். மிதவையின் எடை கூடினால் கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டம் மாறிவிடும்.

முழுதும் புதிதாக மாற்றுவது எப்போது தகும்? உடல் வெடித்திருந்தால், மரைகள் பிழைக்க வழியின்றி அழிந்திருந்தால், மாற்றத்தான் வேண்டும். அப்போதும் துளை பொருந்துவதால் மட்டும் கார்புரேட்டர் பொருந்திவிடாது. கழுத்தின் அகலமும் ஜெட்டின் அளவும் அந்த எஞ்சினுக்கு ஒத்திருக்க வேண்டும்.

இக்காலத்தில் ஒரு புதுச் சிக்கலும் சேர்ந்துள்ளது. 2025இல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனாலுக்கு மூலமாகும் பயிர்களுள் ஒன்று பெண்ணாடத்துச் சுற்றுப்புறம் நன்கறிந்த கரும்பு. இக்கலவை முற்றும் எரிய ஏறத்தாழ 13.5 பங்கு காற்றே போதும். பழைய அளவில் நிற்கும் ஜெட் வழியே காற்று மிகுந்துவிடுகிறது. சற்றே பெரிய எண்ணுள்ள ஜெட் தேவைப்படலாம். பழைய ரப்பர்க் குழாய்களையும் டயாபிரத்தையும் எத்தனால் கெடுக்கும், ஈரத்தையும் ஈர்க்கும். நிலத்தில் விளைந்தது எரிபொருளாகி வரும்போது, பழைய வண்டிக்குப் புதிய அளவு காண வேண்டியிருக்கிறது. இதற்குப் பழைய கையேட்டில் விடை இல்லை. காண்டலும் கருதலுமே துணை.

2020 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 விதிகளோடு, புதிய இருசக்கர வண்டிகளிலும் கார்புரேட்டர் ஏறத்தாழ இடமிழந்தது. கணிப்பொறி அளந்து தெளிக்கும் முறை வந்தது. புகை குறைந்தது, அது நன்மையே. ஆயினும் காதால் ஐட்லிங்கை நிறுத்தவும், பீங்கானின் நிறத்தால் கலவையை அறியவும் கற்றவர்கள் முதுமை எய்திவிட்டனர். அவர்களிடம் கற்க வருவோர் அருகிவிட்டனர். மிஸ்ஸிங், இழுவை, திணறல், அடைப்பு என்று அவர்கள் நோய்க்கு நோய் வேறுபடுத்தி வழங்கும் சொற்களும் அவர்களோடு போய்விடக்கூடும்.

சொற்களைக் காப்பது இலக்கிய வட்டங்கள் தாமே ஏற்றுக்கொண்ட பணி. உழவுக்கும் நெசவுக்கும் உரிய சொற்களைத் தொகுத்தோர் உண்டு; பட்டறைக்கும் அது வேண்டும். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டம், ஊர்ப் பட்டறையின் மூத்த தொழிலாளர்களை ஒரு நாள் இவ்வவைக்கு அழைத்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி வைக்குமாயின், அளவை கற்பித்த மரபுக்கு அது தகுந்த தொண்டாக அமையும்.