பி செவன் தெரிந்தவரைத் தேடி



1950களின் பிற்பகுதி. இங்கிலாந்தின் துறைமுக நகரமான லிவர்பூல். கிட்டார் பழகிக்கொண்டிருந்த சில பள்ளிப் பையன்களுக்கு ஈ, ஏ என்ற இரண்டு கார்டுகள், அதாவது பல ஸ்வரங்கள் சேர்ந்தொலிக்கும் பிடிகள், கைவந்துவிட்டன. அந்தக் காலத்து ராக் அண்ட் ரோல் பாட்டுகளில் பெரும்பகுதியை இந்த இரண்டை வைத்தே ஓட்டிவிடலாம். ஆனால் அடி முடிந்து பாட்டு வீடு திரும்பும் இடத்தில் மூன்றாவதாக ஒன்று வேண்டும். அதற்குப் பெயர் பி செவன். அது அவர்களுக்குத் தெரியவில்லை. ஊரின் மறுகோடியில் ஒருவருக்குத் தெரியும் என்று கேள்விப்பட்டார்கள். பஸ் ஏறிப் போனார்கள். அவர் எந்த விரலை எங்கே வைக்கிறார் என்று பார்த்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். அந்தப் பையன்களில் ஒருவர் பால் மெக்கார்ட்னி, இன்னொருவர் ஜார்ஜ் ஹாரிசன். பிற்காலத்தில் பீட்டில்ஸ் குழுவின் தூண்கள். மெக்கார்ட்னி இதைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

கிட்டாரின் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பயணம் இது. அதிலும் என் மனம் போய் நிற்பது அந்தப் பெயர் தெரியாத மனிதரிடம். முன்பின் தெரியாத பையன்கள் வந்து கேட்டதும் உட்கார வைத்துக் காட்டிக்கொடுத்தாரே, அவரிடம். அவர் பெரிய வித்வானாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. வந்தவர்களைவிட அவருக்கு ஒரு கார்டு கூடுதலாகத் தெரிந்திருந்தது. அவ்வளவு போதும்.

லிவர்பூல் பையன்களிடம் அப்போது கிட்டார் எப்படி வந்தது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. லானி டோனிகன் என்ற பாடகரின் ஒரு பாட்டு 1956இல் இங்கிலாந்தில் பெரிய வெற்றி பெற்றது. ஸ்கிஃபில் என்று அந்தப் பாணிக்குப் பெயர். மலிவான ஒரு கிட்டார், தாளத்துக்குத் துணி துவைக்கும் தகரப் பலகை, பேஸ் வாசிக்கத் தேயிலைப் பெட்டியில் ஒரு கம்பை நட்டுக் கட்டிய ஒற்றைக் கயிறு. இவ்வளவுதான் வாத்தியக் கோஷ்டி. தெருவுக்குத் தெரு பையன்கள் குழு அமைத்தார்கள். அப்படி ஒரு குழுவை நடத்திவந்தவர் ஜான் லெனன். அவருக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் அம்மா ஜூலியா. அம்மாவுக்குத் தெரிந்தது பாஞ்சோ என்ற நரம்புக்கருவி. அதனால் மகனும் கிட்டாரைப் பாஞ்சோ போலச் சுருதி கூட்டி, பாஞ்சோவின் விரல்களையே வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். 1957 ஜூலை 6ஆம் தேதி ஒரு தேவாலயத் திருவிழாவில் அவரும் மெக்கார்ட்னியும் சந்தித்தார்கள். கிட்டாருக்கு உரிய சுருதியையும் கார்டுகளையும் லெனன் மெக்கார்ட்னியிடமிருந்து தெரிந்துகொண்டார். அதிலும் ஒரு சிக்கல். மெக்கார்ட்னி இடது கைக்காரர். எதிரே உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் தலைமாறி இருக்கும். வீட்டுக்குப் போய் அதைத் திருப்பிப் போட்டுத்தான் லெனன் பழகினார்.

அதே 1957இல் பெர்ட் வீடன் என்ற கிட்டார் கலைஞர், ஒரே நாளில் வாசிக்கலாம் என்று உறுதி கூறும் ஒரு பாடப்புத்தகத்தை வெளியிட்டார். அந்தத் தலைமுறை ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர்கள் பலரும் அதைப் புரட்டியவர்கள்தான். குருவில்லாமல் படிப்பதற்கான புத்தகம் என்பது புதிய யோசனை இல்லை. 1536இல் ஸ்பெயினின் வலென்சியா நகரத்தில் லூயிஸ் மிலான் என்பவர் ‘எல் மாஸ்த்ரோ’, அதாவது ‘ஆசிரியர்’ என்றே பெயரிட்டு ஒரு நூலை அச்சிட்டார். கிட்டாரின் உறவான விஹுவேலா என்ற வாத்தியத்துக்கானது. எளிய பாடத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கடினமானதற்குப் போகும். கம்பிக்கு ஒரு கோடு, கோட்டின் மேல் எத்தனையாவது ஃப்ரெட் (விரல்பலகையின் குறுக்குக் கட்டு) என்று ஓர் எண். இன்று நம் பிள்ளைகள் ‘டேப்’ என்று சொல்லும் எழுத்துமுறை அதுவே. டேப் பார்த்து வாசிப்பது சோம்பேறி வழி, ஸ்டாஃப் நொட்டேஷன் படிப்பவரே இசை தெரிந்தவர் என்று சிலர் சொல்வதுண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக நரம்புக்கருவிக்காரர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட மொழி அது.

ஆனால் புத்தகம் சொல்லாத ஒரு கட்டம் எல்லாருக்கும் வரும். கிட்டார் பழகும் எவரையும் கேட்டுப் பாருங்கள். சி வந்தது, ஜி வந்தது, டி வந்தது, எஃப் வரவில்லை என்பார்கள். எஃப் மேஜர் ஒரு பார் கார்டு. ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டில் படுக்கவைத்து ஆறு கம்பிகளையும் ஒரே அழுத்தில் பிடிக்க வேண்டும். மற்ற மூன்று விரல்களும் அதே நேரத்தில் வேறு வேலை செய்ய வேண்டும். கம்பி படிந்து நிற்கும் ‘நட்’டுக்கு அருகில் அது விறைப்பாக இருக்கும், அழுத்தினால் எளிதில் வளைந்து கொடுக்காது. சாதாரண அக்கூஸ்டிக் கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுவிசை ஏறத்தாழ 70 கிலோ இருக்கும். விலை குறைந்த கிட்டாராக இருந்து, கம்பி பலகையிலிருந்து உயரமாகவும் நின்றால், அந்த இடத்தில் கை தோற்றுப் போவது இயல்பு. வாங்கிய கிட்டார் அலமாரி மேல் ஏறிவிடுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

இருபது ஆண்டு வாசித்தவரிடம் எஃப் பற்றிக் கேட்டால், பழகப் பழக வந்துவிடும் என்பார். உண்மைதான். ஆனால் அவருக்கு அது எப்படி வந்தது என்பது மறந்திருக்கும். போன மாதம் அதைத் தாண்டியவர் வேறு மாதிரி பேசுவார். விரலின் சதைப்பக்கத்தால் அழுத்தாதே, கொஞ்சம் உருட்டி எலும்பு இருக்கும் ஓரத்தால் பிடி என்பார். கட்டைவிரலால் நசுக்காதே, முழங்கையை உடம்போடு சேர்த்துக் கையின் எடையைப் பின்னால் இழு என்பார். முதலில் ஐந்தாவது ஃப்ரெட்டில் அதே வடிவத்தைப் பிடி, அங்கே அது ஏ மேஜர், கம்பி அங்கே இளகும்; அங்கிருந்து வாரத்துக்கு ஒரு ஃப்ரெட்டாகக் கீழே இறங்கி வா என்பார். அதுவரை பாட்டை நிறுத்தாதே, கீழ் நான்கு கம்பியில் மட்டும் சின்ன எஃப் போட்டுக்கொள் என்பார். இத்தனையும் கடையில் கிடைக்காத பாடம். மணிக்கட்டு வலிக்கிறது, உட்காரும் முறை தவறாக இருக்கிறது என்றால் நல்ல ஆசிரியரிடம் போய்த்தான் ஆகவேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆசிரியர் வாரத்துக்கு ஒரு மணி நேரம். மீதி நாட்களுக்குத் துணை வேண்டாமா?

நம் ஊரில் அந்தத் துணை பலருக்குத் தேவாலயப் பாடகர் குழுவில் கிடைத்திருக்கிறது. சென்னையிலும் தூத்துக்குடியிலும் நாகர்கோவிலிலும் ஞாயிறு ஆராதனைக்கு வாசித்த அண்ணன்மாரைப் பார்த்துப் பழகியவர்கள் ஏராளம். மற்றவர்களுக்குக் கல்லூரி விடுதியின் மொட்டை மாடி. அங்கே பேச்சு சீக்கிரமே இரண்டு நிலாப் பாட்டுகளுக்கு வந்து சேரும். 1980இல் வந்த ‘மூடுபனி’ படத்தில் ஒன்று, 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் மற்றொன்று. இரண்டுமே இளையராஜா. ‘பயணங்கள் முடிவதில்லை’ பாட்டின் தொடக்கத்தில் கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டிப் போகும் அந்தக் கிட்டாரைக் கேட்டுத்தான் ஒரு தலைமுறையே கிட்டார் வாங்கியது என்று சொல்லலாம். அந்த மெட்டு 1983இல் ‘கலாகார்’ என்ற இந்திப் படத்துக்கும் போனது. அதனால் வடக்கே இருந்து வேலைக்கு வந்த இளைஞரும் நம் பையனும் மொழி தெரியாமலே ஒரே பிக்கிங்கை வாசிக்க முடியும். பெருவிரல் பேஸ் கம்பியை விட்டு எப்போது நகர்கிறது, எந்த இடத்தில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டால் குரலுக்கு ஒத்துவரும் என்று அவர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். அந்தப் பேச்சே காதைத் தீட்டுகிறது. முன்பு ஒரே பாட்டாகக் கேட்டதில் இப்போது பேஸ் தனியாக, ரிதம் தனியாக, லீட் தனியாகக் கேட்கும்.

காதால் பிடிப்பதற்கு அந்நாளில் எவ்வளவு பாடுபட்டார்கள்! கிராமபோனில் 33 வேகத்து இசைத்தட்டை 16இல் ஓடவிட்டால் வேகம் பாதியாகும். சுருதி சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கும், ஆனால் ஸ்வரம் மாறாது. அப்படி ஓடவிட்டு, ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்து, கடினமான லீட் பகுதிகளைக் கேட்டு எழுதினார்கள். கேசட் காலத்தில் அந்த வசதியும் போயிற்று. ஒவ்வொரு டேப் ரெக்கார்டரும் ஒவ்வொரு வேகத்தில் ஓடும். பேட்டரி இறங்கினால் பாட்டும் இறங்கும். அதனால் பாட்டோடு சேர்ந்து வாசிக்கக் கிட்டாரைக் கேசட்டுக்குச் சுருதி கூட்டுவார்கள். வானொலியில் கேட்டுப் படித்தவர்கள் இன்னும் பொறுமைசாலிகள். ஒருமுறை போனால் அந்தப் பாட்டு மறுபடி எப்போது வருமோ! இரண்டு நண்பர்கள் சேர்ந்து கேட்டால், ஒருவர் கார்டுகளைப் பிடிப்பார், மற்றவர் இடையிசையைப் பிடிப்பார்.

சுருதி என்றதும் நினைவுக்கு வருகிறது. கர்நாடக சங்கீதம் தெரிந்த ஒருவர் கிட்டார் எடுத்தால் ஒரு குறை சொல்வார். ஈ மேஜர் கார்டை மிகச் சுத்தமாகச் சேர்த்து வைக்கிறேன், ஜி மேஜர் போனால் பிசிறடிக்கிறதே என்பார். கருவி பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அவர் காதில் தவறில்லை, கிட்டாரிலும் தவறில்லை. தம்புராவின் நாதத்தில் இயல்பாகவே ஒலிக்கும் அந்தர காந்தாரம், ஷட்ஜத்துக்கு ஐந்துக்கு நான்கு என்ற விகிதத்தில் நிற்கிறது. கிட்டாரின் ஃப்ரெட்டுகளோ ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாக்கிப் பதித்தவை. எந்தக் கட்டையிலிருந்தும் எந்தப் பாட்டையும் வாசிக்கலாம் என்பதற்காகச் செய்துகொண்ட ஏற்பாடு இது. அதற்குக் கொடுத்த விலை, காந்தாரம் கொஞ்சம் உயர்ந்து நிற்பது. ஒரு ஃப்ரெட் இடைவெளியை நூறு பங்காக்கினால் அதில் ஏறத்தாழ 14 பங்கு உயர்வு. ஈ கார்டில் காந்தாரம் மூன்றாவது கம்பியில் விழுகிறது. அதைத் தம்புராக் காதுக்கு இனிக்கும்படி இறக்கினால், அதே கம்பி ஜி கார்டில் ஷட்ஜமாக வரும்போது அந்த 14 பங்கும் குறைந்து நிற்கும். பிசிறடிக்காமல் என்ன செய்யும்?

ஃப்ரெட்டை எங்கே பதிப்பது என்பதற்கு 1581இலேயே ஒரு கணக்குச் சொன்னவர் வின்சென்ஸோ கலிலேய். விஞ்ஞானி கலிலியோவின் தந்தை, லூட் என்ற நரம்புக்கருவியை வாசித்தவர். மீதமுள்ள கம்பி நீளத்தில் ஒவ்வொரு முறையும் பதினெட்டில் ஒரு பங்கு தள்ளி அடுத்த ஃப்ரெட் என்றார். அது ஏறத்தாழச் சரி. பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் பாதியில் வந்து நிற்க வேண்டும், ஸ்தாயி அங்கே முடிகிறது. உங்கள் வீட்டுக் கிட்டாரில் ஓர் அளவுகோல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தச் சுருதிக் கணக்கு தெரிந்த பிறகு நண்பர்களின் பேச்சு ராகத்துக்குப் போகும். மேஜர் ஸ்கேல் நம் சங்கராபரணம், ஹார்மோனிக் மைனர் நம் கீரவாணி என்று ஒருவர் சொல்வார். மாயாமாளவகௌளைக்குக் கார்டு போட முடியுமா என்று இன்னொருவர் கேட்பார். சி கட்டையில் வைத்துக்கொண்டால் சி மேஜர், டி ஃப்ளாட் மேஜர், எஃப் மைனர் மூன்றும் அந்த ராகத்தின் ஸ்வரங்களுக்குள்ளேயே கிடைக்கின்றன. சரளி வரிசையை அந்த மூன்றின் மேல் வாசித்துப் பாருங்கள். குழந்தைப் பருவத்தில் பாடிய பாடம் வேறோர் அறைக்குள் நுழைந்ததுபோல் ஒலிக்கும்.

வயதாகிவிட்டது, இனி எங்கே என்று நினைக்கும் நேயர்களுக்கு எலிசபெத் காட்டன் என்ற அமெரிக்கப் பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வட கரோலைனாவில் பிறந்த கறுப்பினப் பெண். சிறுவயதில் வீட்டு வேலை செய்து சேர்த்த காசில் கிட்டார் வாங்கினார். இடது கைக்காரர். கம்பிகளை மாற்றிக் கட்டாமல் கருவியை அப்படியே தலைகீழாகப் பிடித்து, பேஸை விரல்களாலும் மெட்டைக் கட்டைவிரலாலும் வாசித்தார். திருமணத்துக்குப் பிறகு பல பத்தாண்டுகள் கிட்டாரைத் தொடவில்லை. பிறகு இசை ஆய்வாளர் சார்லஸ் சீகரின் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வீட்டில் எல்லாரும் நாட்டுப்புறப் பாட்டு வாசிப்பவர்கள். சுவரில் தொங்கிய கிட்டாரை எடுத்து வாசிக்கத் தொடங்கினார், விரல்கள் திரும்பி வந்தன. அந்த வீட்டுப் பிள்ளை மைக் சீகர்தான் ஒலிப்பதிவு செய்து, 1958இல் முதல் இசைத்தட்டு வெளிவரக் காரணமாக இருந்தார். காட்டன் அப்போதே அறுபதைத் தாண்டியவர். 1985இல் கிராமி விருதும் வந்தது. அவர் பாணியைக் காட்டன் பிக்கிங் என்றே இன்று கற்றுக்கொடுக்கிறார்கள்.

உங்கள் வீட்டு அலமாரி மேலும் ஒரு கிட்டார் கிடக்கலாம். இறக்கித் துடையுங்கள். நம் கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் வியர்வையும் கம்பியைத் துருப்பிடிக்க வைத்திருக்கும். புதிய கம்பி ஒரு செட் மாற்றுங்கள், எக்ஸ்ட்ரா லைட் என்று கேட்டு வாங்கினால் விரலுக்கு இதமாக இருக்கும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே இரண்டு, இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து இறக்கச் சொல்லுங்கள். விரல் நுனி சில வாரங்களில் காய்த்துவிடும். பிறகு உங்கள் தெருவில், அலுவலகத்தில் யார் வாசிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அவரிடம் போகும்போது, கிட்டார் கற்றுக்கொடுங்கள் என்று பொதுவாகக் கேட்க வேண்டாம். பிடித்த ஒரு பாட்டையும், அதில் தடுக்கும் ஓர் இடத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். இந்த இடத்தில் உங்கள் மோதிர விரல் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.